அம்மனின் வெள்ளிக் கை

விமானத்தைக் கோபுரம் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணப் பத்திரிகை, பேருந்து நிலையப் பேனர், ஓட்டல் பெயர்ப்பலகை என்று எங்கே அந்தத் தப்பைப் பார்த்தாலும் என் வாய் சும்மா இருக்காது. வாசலுக்கு மேலே நிற்பது கோபுரம், கருவறைக்கு மேலே நிற்பது விமானம். நிமிர்ந்தால் கோபுரம் தெரிகிற திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்துவிட்டு இதுகூடத் தெரியாமல் இருக்கிறார்களே என்று எரிச்சல் வரும். என் கணவர் என்னோடு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சாமி கும்பிட வந்தவனுக்குப் பாடம் எடுக்கிறாய் என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அதில் கலை வரலாறு என்று ஒரு தாள் உண்டு. அதன் முதல் அலகே கலைச்சொற்கள்தான். மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதால் மாணவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. எனக்கோ அதுதான் உயிர். அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், கலசம் என்று கீழிருந்து மேலாகச் சொல்லிக்கொண்டு போனால் ஓர் ஆள் எழுந்து நிற்பதுபோல இருக்கும். உடம்புக்கு வைத்த பெயர்களையே கட்டடத்துக்கும் வைத்திருக்கிறார்கள். அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது எனக்கே ஒரு பெருமிதம் வரும். இந்தச் சொற்களெல்லாம் என் பிறந்தவீட்டுச் சொத்து என்றுகூட ஓர் எண்ணம் இருந்தது. ஏனென்றால் என் அப்பா குருக்கள்.

பெரிய கோயிலில் இல்லை. கிரிவலப் பாதையிலிருந்து பிரிந்து நிலங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் ஒரு சின்னச் சிவன் கோயில். பௌர்ணமிக்கு லட்சம் பேர் மலையைச் சுற்றினாலும் அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் கம்மி. தாத்தாவுக்குப் பிறகு அங்கே அப்பாதான் பூஜை. அப்பா பரம சாது என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். முன்கோபி. தேங்காய் சரியாக உடையாவிட்டால் தேங்காய் விற்றவனைத் திட்டுவார். மகள் எம்.ஃபில். படித்தவள் என்பதைத் தீபாராதனைத் தட்டு நீட்டும் இடைவெளியில் சொல்லிவிடும் ஆசாமி.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற கோயில்களில் அம்மனுக்கு அபிஷேகம் நடக்கும்போது ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். எங்கள் அம்மனுக்கு எல்லாமே திரைக்குள்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், பால் வாசனை வரும், அப்பாவின் மந்திரம் கேட்கும். திரை விலகும்போது புடவை கட்டி, மாலை போட்டு, வலது கையில் வெள்ளிக் கவசத்தோடு அம்மன் நிற்பாள். உள்ளங்கை நம்மைப் பார்த்திருக்கும். பயப்படாதே என்று சொல்கிற கை. அபய முத்திரை என்ற சொல்லைப் புத்தகத்தில் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த வெள்ளிக் கையைப் பார்த்து நான் பயம் தெளிந்திருக்கிறேன். வகுப்பில் அபய முத்திரைக்கு நான் வரைகிற கை அந்தக் கைதான். விரல்களின் நீளம்கூட அப்படியே வரும்.

திரை எதற்கு என்று சின்ன வயதில் கேட்டதற்கு, பொம்பளை குளிப்பதைப் பார்ப்பார்களா என்று அப்பா ஒரு போடு போட்டார். அதோடு சரி. குருக்கள் வீட்டுப் பெண்ணானாலும் கருவறைக்குள் போக முடியாது. உள்ளே எப்படி இருக்கும் என்பது எனக்கும் புத்தகத்தில் படித்ததுதான்.

கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்யவேண்டும் என்று பேச்சு வந்தபோது மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தர்மகர்த்தா அரிசி மில் வைத்திருப்பவர், நல்ல மனுஷர், எதையும் கேட்டுச் செய்கிறவர். கோயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி என்னைக் கூப்பிட்டது அவர்தான். கூப்பிடும்படி அவரிடம் ஏற்கனவே நாலு தடவை சொல்லி வைத்திருந்தது அப்பா.

இரண்டு வார்த்தை பேசத் தெரிந்தவளா நான். எழுந்து நின்று தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைக் காட்டினேன், சுவரில் சிலை வைக்கும் மாடமான தேவகோட்டத்தைக் காட்டினேன், அடித்தளமான அதிட்டானத்தின் உருண்ட பகுதிக்குக் குமுதம் என்று பெயர் என்றேன். தினமும் அதன்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஆட்கள் சட்டென்று எழுந்து நின்று அதைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், மகள் பேசுவதை யார் யார் கேட்கிறார்கள் என்று.

அப்போதுதான் தர்மகர்த்தா ஒரு சந்தேகம் கேட்டார். வெளியே வேப்பமரத்தடியில் மூக்குடைந்த நந்தி ஒன்று கிடக்கிறது, அதை உள்ளே கொண்டுவந்து வைக்கலாமா என்று.

கூடவே கூடாது என்றேன். அதற்குப் பின்னம் என்று பெயர். கை, கால், மூக்கு மாதிரி முக்கியமான அங்கம் போய்விட்டால் அந்தச் சிலை வழிபாட்டுக்கு ஆகாது. விரல் நுனி, நகை வேலைப்பாடு போன்ற சின்ன இடங்கள் என்றால் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அங்கமே போன சிலைக்குப் பூஜை செய்தால் செய்கிறவருக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது என்று சிற்ப சாஸ்திரம் சொல்கிறது. இதை நான் சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'ஊருக்கும் ஆகாது' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன். வகுப்பில் செய்கிற வித்தை அது. மண்டபம் கப்சிப் என்று ஆனது.

அப்பா எழுந்து விளக்குக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். அது எண்ணெய் விடும் நேரமே இல்லை. நான் பேசும்போது எழுந்து போகிறாரே என்று எனக்கு முணுக்கென்று கோபம்கூட வந்தது.

கூட்டம் முடிவதற்குள் ஒரு தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஸ்தபதியை வரவழைத்து, கோயிலில் உள்ள எல்லாச் சிலைகளையும், கருவறையில் உள்ளவை உட்பட, பார்த்துவிட வேண்டும். டீச்சரம்மா சொன்ன பிறகு அலட்சியமாக இருக்கக்கூடாது என்றார் தர்மகர்த்தா. முந்தைய கும்பாபிஷேகங்களில் மேலே வர்ணம் அடிப்பதோடு வேலையை முடித்துக்கொள்ளும்படி அப்பா பார்த்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அப்பா வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தானாக வரும் பழக்கமே கிடையாது. காபி கொடுத்தேன், தொடவில்லை. சுற்றி வளைத்து, பேரன் படிப்பு, வெயில் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"வெளியில இருக்கிறதையெல்லாம் ஸ்தபதி பார்க்கட்டும். அம்மனை மட்டும் தொட வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பா."

எதற்கு என்று கேட்டேன். காரணம் இருந்தால்தான் சொல்லணுமா என்றார். எனக்கு அது போதாதா. பாலாலயம் செய்த பிறகு பார்ப்பதில் தோஷமே இல்லை, சிலையைப் பீடத்தோடு ஒட்டும் மருந்தை அடியில் சாத்துவதற்கு எப்படியும் சிலையைச் சுத்தம் செய்தாகவேண்டும், விதி என்றால் எல்லாச் சிலைக்கும் ஒன்றுதான், குருக்களே இப்படிப் பேசினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று அடுக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நாழியாகிறது என்று எழுந்தார். படியிறங்கும்போது ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காபியில் ஆடை படிந்து கிடந்தது.

பாலாலயம் என்பது, திருப்பணி முடியும்வரை தெய்வத்தைக் கருவறையிலிருந்து எழுப்பிக் கும்பத்துக்கும் பலகையில் எழுதிய படத்துக்கும் மாற்றி வெளியே வைத்துவிடுவது. அதன்பிறகு உள்ளே இருப்பது வெறும் கல், வெறும் அறை. கொத்தனாரும் போகலாம், எலக்ட்ரீஷியனும் போகலாம். அந்தச் சடங்கை அப்பாதான் செய்தார். குரல் கம்மியிருந்தது. புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்தபதி வந்தார். தர்மகர்த்தா என்னைப் பார்த்து, இப்போது நீங்களும் உள்ளே வரலாம் டீச்சரம்மா என்றார். இத்தனை வயதுக்குமேல் முதல்முறையாக அந்தப் படியைத் தாண்டப்போகிறேன். அப்பா நிலைவாசல் ஓரமாக நின்றிருந்தார். அவரைத் தாண்டித்தான் போனேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் நினைத்திருந்ததைவிட அறை சின்னது. எண்ணெய்ப் பிசுக்கும் ஈரக்கல் வாசனையுமாக இருந்தது. ஸ்தபதி டார்ச் அடித்தார். புடவை இல்லாமல், மாலை இல்லாமல், கல்லாக அம்மன் நின்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. மனசு பெயர் வைக்கத் தொடங்கிவிட்டது. கரண்ட மகுடம். மகர குண்டலம். பின்கைகளில் தாமரையும் நீலோற்பலமும். முகத்தின் அமைப்பைப் பார்த்தால் பிற்காலச் சோழர் பாணி. அப்படியே வலது தோளில் இறங்கினேன். தோள்வளை, முழங்கை, முன்கை, கடகம். அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. புதிதாக உடைந்த கல்லுக்கு ஒரு கரகரப்பு இருக்கும். இது அப்படி இல்லை. தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மழமழவென்று உருண்டு போயிருந்தது. எத்தனை தலைமுறை எண்ணெயும் தண்ணீரும் தடவிய கைகளுமோ. பக்கத்து மாடத்தில் வெள்ளிக் கை மல்லாந்து கிடந்தது. அது கைமேல் போடுகிற கவசம் இல்லை. மணிக்கட்டில் செருகிக்கொள்கிற மாதிரி பின்னால் குழாய் வைத்துச் செய்த முழுக் கை. பிறந்ததிலிருந்து அதை நான் முன்பக்கமாகவே பார்த்திருக்கிறேன்.

"இது இப்ப உடைஞ்சது இல்லீங்க, ரொம்பப் பழசு," என்றார் ஸ்தபதி.

தர்மகர்த்தா மெல்ல என் பக்கம் திரும்பி, "நீங்க அன்னைக்கே சொன்னீங்களேம்மா," என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. என்மேல் வைத்திருந்த மரியாதையில்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதலில் எனக்கு வந்த வெட்கம் என்னை நினைத்து வந்ததல்ல, அப்பாவை நினைத்து வந்தது. குருக்கள் ஊரை ஏமாற்றியிருக்கிறார் என்று பேசுவார்களே, இந்த ஊரிலிருந்தெல்லாம் என்னிடம் பிள்ளைகள் படிக்கிறார்களே, கல்லூரியில் எப்படி முகத்தைக் காட்டுவது என்றுதான் மனசு முதலில் ஓடியது. அந்த நினைப்பு ஓடி முடிந்த பிறகுதான் அப்பா வேங்கிக்காலுக்கு வந்து காபி குடிக்காமல் போனது ஞாபகத்துக்கு வந்தது. என் வீட்டு நாற்காலியில் அவர் எதைக் கெஞ்சிக் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

ஏதாவது செய்தாகவேண்டுமே என்று பேச ஆரம்பித்தேன். இது மிகப் பழைய சிலை, இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு வேலைப்பாட்டைப் பார்ப்பது அபூர்வம், கலை மதிப்பு ஜாஸ்தி, முக அமைதியைப் பாருங்கள், ஆடை மடிப்பைப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டினேன். அம்மனைக் காப்பாற்றுவதாக நினைப்பு. எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அப்படியென்றால் இதைப் பத்திரமாகக் கண்ணாடிப் பெட்டி செய்து மண்டபத்தில் வைத்துவிடலாம், பூஜைக்குப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்றார் தர்மகர்த்தா. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளைக் கருவறையிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறது. மணிக்கட்டு சின்ன இடம்தான், சரிசெய்துகொள்ளலாம் என்று ஒரு பொய் சொல்லக்கூட நினைத்தேன். விதியை அவ்வளவு விளக்கமாகச் சொன்ன வாய் திரும்பவில்லை.

கூட இருந்த ஒருவர், அதனால்தான் ஊரில் இத்தனை கஷ்டம் என்று ஆரம்பித்தார். மழை பொய்த்தது, யாரோ பைக்கில் விழுந்தது, ஒருவர் வீட்டில் கல்யாணம் தட்டிப்போனது எல்லாம் வரிசையாக வந்தன. 'ஊருக்கும் ஆகாது' என்று நான் குரல் தாழ்த்திச் சொன்னது அவர் வாயிலிருந்து அப்படியே திரும்பி வந்தது.

தர்மகர்த்தா வாசலைப் பார்த்து, "தெரிஞ்சேதான் பண்ணீங்களா சாமி?" என்று கேட்டார்.

அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"தெரிஞ்சுதான். எங்கப்பா கையிலேர்ந்து என் கைக்கு வந்தப்பவே இப்படித்தான் இருந்தா. கையில்லேன்னு வெளியில அனுப்பிட்டா அவ எங்க போவா?"

அதற்குமேல் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவரை அனுப்பவும் இல்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு குருக்கள் வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில், என்னிடமாவது சொல்லியிருக்கலாமே அப்பா என்றேன். உன்னிடம் எப்படிச் சொல்வது, நீ சரியில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் எப்படி அவளுக்குப் பூஜை செய்வது என்றார். ஊருக்குப் பயந்து அவர் மறைத்திருக்கிறார் என்றால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான் என்ன சொல்வேனோ என்றுதான் பயந்திருக்கிறார்.

புது அம்மன் மினி லாரியில் வைக்கோல் மெத்தைமேல் வந்து இறங்கினாள். நல்ல கருங்கல், நல்ல வேலை. விரல்கள் தனித்தனியாக, நகம்கூடத் தெரியும்படி இருந்தன. கும்பாபிஷேகம் தடபுடலாக நடந்தது. டிரோன் வைத்துப் படம் எடுத்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். டீச்சரம்மா மட்டும் அன்றைக்குச் சொல்லாமல் இருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது என்று தர்மகர்த்தா மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். யாகசாலைப் புகைக்கு நடுவே அப்பா வேலையாக இருந்தார். அந்தப் பொன்னாடையை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேடவும் இல்லை.

பழைய அம்மன் மண்டபத்து மூலையில் கண்ணாடிக்குள் நிற்கிறாள். வெள்ளிக் கை அவள் காலடியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பலகை. அதில் இருக்கும் வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பாணி, காலம், மகுடத்தின் வகை எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசி வரி: வலது கை மணிக்கட்டோடு பின்னம். பார்க்கிறவர்கள் படித்துவிட்டு முதலில் கையைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த வருடமும் முதல் அலகு நடத்தினேன். அபய முத்திரைக்குக் கரும்பலகையில் கை வரைய வேண்டிய இடம் வந்ததும், புத்தகத்தில் படம் இருக்கிறது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். புது அம்மனுக்குத் திரை தேவையில்லை என்று நிர்வாகத்தில் சொல்லிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் திரையை விடவில்லை. வழக்கம் என்று சொல்லிவிட்டார். நான் பழையபடி திரைக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. தோளிலிருந்து இடுப்புக்குச் செம்பு இறங்குகிற இடத்தில் ணங்கென்று ஒரு சத்தம். அத்தனை வருடம் அப்பாவின் கை வெற்றிடம் என்று பழகிப்போன இடத்தில் இப்போது ஒரு கல் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. செம்பு அதில் போய் இடித்துக்கொள்கிறது. ஒரு நொடி மந்திரம் நின்று, பிறகு தொடர்கிறது.

பக்கத்தில் இருப்பவர்கள் அதை மணிச்சத்தம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.